நாயகர்களை எடைபோட்டவர்கள்

அல்ட்ராமேனின் உயரம் 40 மீட்டர், எடை 35,000 டன். 1966 ஜூலையில் ஜப்பானில் அந்தத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்த இரண்டு எண்களும் அங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டன. மற்ற பூதங்களின் எண்களும் அப்படித்தான். 1954-இல் திரைக்கு வந்த காட்சில்லா 50 மீட்டர், 20,000 டன். 1965-இல் வந்த காமெரா என்ற பறக்கும் ஆமை 60 மீட்டர், ஆனால் 80 டன் மட்டும். இவற்றையெல்லாம் எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று அப்போது பெரியவர்கள் யாரும் கவலைப்படவில்லை. பின்னால் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை ஒரு தனிப் பழக்கமாக, ஒரு புத்தக வகையாக, இன்று உலகமெங்கும் இளைஞர்கள் இரவு விழித்துப் போடும் கணக்காக வளர்ந்திருக்கிறது.

அல்ட்ராமேன் அனிமே அல்ல. ரப்பர் உடைக்குள் ஆள் நின்று நடித்த தொடர். ஆனாலும் அனிமே நாயகர்களின் பலத்தை இயற்பியலால் அளக்கும் பழக்கத்தின் வேரைத் தோண்டினால் அந்த ரப்பர் உடையில்தான் போய் முட்டுகிறது. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாடநூலில் வரும் உராய்வில்லாத சாய்தளத்தைவிட இந்தக் கணக்குகள் என் மாணவர்களை அதிகம் யோசிக்க வைத்தன. அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதலில் அல்ட்ராமேனையே எடுத்துக்கொள்வோம். 170 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒரு மனிதனை அதே வடிவத்தில் 40 மீட்டருக்குப் பெரிதாக்கினால் உயரம் 23.5 மடங்கு ஆகிறது. அகலமும் தடிமனும் அதே அளவு கூடும். ஆகவே கனஅளவு 23.5-ஐ மூன்று முறை பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 13,000 மடங்கு. 65 கிலோவை அதால் பெருக்கினால் 845 டன் வருகிறது. அச்சிட்ட எண்ணோ 35,000 டன். 41 மடங்கு அதிகம்! மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். அப்படியானால் அல்ட்ராமேனின் சதை ஒரு கன சென்டிமீட்டருக்கு 41 கிராம் இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த தனிமங்களில் மிக அடர்ந்ததான ஆஸ்மியமே 22.6 கிராம்தான்.

அவன் நிற்கும் தரையையும் பார்த்துவிடலாம். ஒரு மனிதனின் இரண்டு பாதங்களும் சேர்ந்து சுமார் 400 சதுர சென்டிமீட்டர். பரப்பு 23.5-இன் இருமடிப்படி பெருகுவதால் அல்ட்ராமேனின் பாதங்களுக்கு 22 சதுர மீட்டர் கிடைக்கிறது. ஆக ஒவ்வொரு சதுர மீட்டரும் 1,600 டன் சுமக்க வேண்டும். வீடு கட்டும் பொறியாளர் சாதாரண மண்ணுக்கு 20 டன் அளவில்தான் கணக்கு வைப்பார். டோக்கியோவில் கால் வைத்த கணமே அவன் இறங்கிக்கொண்டே போவான்.

காமெராவின் கதை நேர் எதிர். 60 மீட்டர் மனித உருவமே 2,800 டன்னுக்கு மேல் வரும். ஆமை இன்னும் பருமன். 80 டன் என்றால் அதன் உடல் பெட்டிகளில் வைத்துக் கட்டும் தெர்மாகோலின் அடர்த்திதான். காற்று வீசினால் போய்விடும்.

இந்த எண்களைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் முக்கியமானவர் ஓட்டோமோ ஷோஜி. 1936-இல் பிறந்து 1973-இல் 36 வயதிலேயே இறந்துபோனவர். ஷோனென் மேகசின் வார இதழின் தொடக்கப் படப் பக்கங்களைத் திட்டமிட்டவர். பூதங்களை நெடுக்காக வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் படங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். நெருப்பு சுரக்கும் பை இங்கே, விஷப் பை இங்கே, மூளை இங்கே என்று அம்புக்குறி போட்டு, மருத்துவக் கல்லூரிச் சுவரில் தொங்கும் படத்தின் கண்டிப்போடு அவை இருக்கும். அவர் எண்களைக் கணக்குப் போட்டு எடுக்கவில்லை, பிரமிப்புக்காக வைத்தார். ஆனால் ஒரு கற்பனை உயிருக்கு உள்ளுறுப்பு உண்டு, அளவு உண்டு, ஆகவே அதைப் பற்றி ஆராயலாம் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்கே விதைத்தவர் அவர்தான். அந்தத் தலைமுறைதான் வளர்ந்து பேனாவோடு திரும்பி வந்தது.

அந்தக் காலத்துச் சிறுவர் புத்தகங்களில் அச்சான ஓர் எண் இன்றும் ஜப்பானில் பிரபலம். அல்ட்ராமேனையே கடைசிப் பகுதியில் வீழ்த்திய ஜெட்டன் என்ற பூதம் கக்கும் தீக்கோளத்தின் வெப்பநிலை: ஒரு லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையமே ஒன்றரைக் கோடி டிகிரிதான். வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறுகிறது என்ற ஸ்டீஃபன் விதியைப் போட்டுப் பார்த்தால், அந்தத் தீக்கோளத்தின் ஒரே ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒன்றரைக் கோடி கோடி சூரியன்களின் ஒளி வர வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் சேர்ந்து எரிவதற்குச் சமம் அது. ஜெட்டன் வாயைத் திறந்தால் அல்ட்ராமேன் மட்டுமல்ல, பூமியும் சூரியக் குடும்பமும் மிஞ்சாது.

ஆனால் 2012-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டு ஐந்து லட்சம் கோடி டிகிரிக்கு மேல் எட்டியிருக்கிறார்கள். ஜெனீவா நகரம் அப்படியே இருக்கிறது. காரணம், அந்தச் சூடு அணுக்கரு அளவே உள்ள இடத்தில், நினைத்துப் பார்க்க முடியாத சிறு கணத்துக்கு மட்டும் இருந்தது. வெப்பநிலை வேறு, வெப்ப ஆற்றல் வேறு என்பதைச் சொல்லித்தர நான் எத்தனையோ உதாரணம் தேடியிருக்கிறேன். ஜெட்டனும் செர்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது புரிந்த அளவுக்கு வேறு எதிலும் மாணவர்களுக்குப் புரியவில்லை.

இந்த வகைக் கணக்கு ஜப்பானில் பிறந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1638-இல் லெய்டன் நகரில் அச்சான தன் கடைசி நூலில் கலிலியோ, மூன்று மடங்கு நீளமாக்கிய ஓர் எலும்பை வரைந்து, அது அதே வேலையைச் செய்ய எவ்வளவு தடிக்க வேண்டும் என்று காட்டினார். எடை நீளத்தின் மும்மடிப்படி ஏறும். தாங்கும் பலம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, ஆகவே இருமடிப்படிதான் ஏறும். 1926-இல் உயிரியலாளர் ஹால்டேன் இதையே எடுத்துக்கொண்டு, பழைய ஆங்கிலக் கதையொன்றில் வரும் அறுபதடி அரக்கர்கள் ஓரடி எடுத்து வைத்தாலே தொடை எலும்பு முறியும் என்று எழுதினார். அதே ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். கற்பனை உயிரைக் கணக்கில் நிறுத்திய முன்னோர் என்று இந்த இருவரைத்தான் சொல்வேன்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். பூதங்களுக்கு முன்பே அங்கே ஒரு சிறுவன் எண்ணோடு வந்துவிட்டான். தெசுகா ஒசாமு 1952-இல் தொடங்கிய 'ஆட்டம்' என்ற சித்திரக்கதையில் அந்த இயந்திரச் சிறுவனின் திறன் 1 லட்சம் குதிரைத்திறன். இரண்டு அணுகுண்டுகளைத் தாங்கி ஏழாண்டுகள்கூட ஆகாத நாட்டில், அணு ஆற்றலில் ஓடும் ஒரு நல்ல பிள்ளைக்கு அந்த எண்ணைக் கொடுத்தார்கள். கிலோவாட்டில் மாற்றினால் 73,500. 1964 அக்டோபரில் ஓடத் தொடங்கிய முதல் ஷின்கான்சென் ரயிலின் பன்னிரண்டு பெட்டிகளிலும் இருந்த மோட்டார்கள் எல்லாம் சேர்ந்தே 8,880 கிலோவாட். எட்டு புல்லட் ரயில்களின் திறன் ஒரு சிறுவனின் உடம்புக்குள்! 1,000 டன் பாரத்தை நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில் தூக்கிக்கொண்டு அவனால் மேலே போக முடியும். பிள்ளைகளுக்காக எழுதிய எண்களிலேயே நேர்மையான எண் இது என்பேன். அலகோடு வந்ததால் சோதித்துப் பார்க்க முடிகிறது.

டோரேமோன் என்ற இயந்திரப் பூனையின் எண்கள் வேறு வகை. உயரம் 129.3 செ.மீ., எடை 129.3 கிலோ, திறன் 129.3 குதிரைத்திறன், எலியைக் கண்டால் ஓடும் வேகம் மணிக்கு 129.3 கி.மீ. அந்தக் காலத்து ஜப்பானிய நான்காம் வகுப்புப் பிள்ளையின் சராசரி உயரம் அது. கதையில் வரும் சிறுவன் நோபிதா அண்ணாந்தும் பார்க்க வேண்டாம், குனிந்தும் பார்க்க வேண்டாம் என்று அதை வரைந்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ உயரத்தை அப்படி வைத்தார். மற்ற எல்லா எண்ணும் அதைப் பின்பற்றி வந்தது. இங்கே இயற்பியல் இல்லை, பாசம் இருக்கிறது. எந்த எண்ணைக் கணக்குக்கு எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்துகொள்வதும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான்.

எழுபதுகளில் இரும்பு பூதங்கள் வந்தன. 1972-இன் மஸிங்கர் இசட் 18 மீட்டர், 20 டன். 1979-இன் கண்டம் அதே 18 மீட்டர், வெற்று எடை 43.4 டன். மனித வடிவில் 18 மீட்டர் உருவம் தண்ணீரால் ஆனதாக இருந்தாலே 77 டன் வரும். ஆகவே கண்டமின் அடர்த்தி தண்ணீரில் பாதிக்குச் சற்று மேல், மஸிங்கரின் அடர்த்தி கால்வாசி. இரண்டையும் கடலில் தள்ளினால் மிதக்கும். ரசிகர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. ஆனால் அவர்கள் குறை சொல்வதோடு நிற்காமல் காரணம் கற்பிக்கத் தொடங்கினார்கள். 1981-இல் வெளிவந்த 'கண்டம் செஞ்சுரி' என்ற சிறப்பிதழில், விண்வெளியில் எரிபொருளைச் செலவழிக்காமல் கை கால்களை வீசியே இயந்திர மனிதன் தன் திசையைத் திருப்பிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். கோண உந்தம் மாறாதிருப்பதால் நடக்கும் உண்மையான விஷயம் அது. தலைகீழாக விழும் பூனை காலூன்றி இறங்குவதும் அதனால்தான். இயந்திரத்துக்கு ஏன் கை, ஏன் கால் என்ற கேள்விக்கு அப்படி ஒரு பதில் கிடைத்தது. பின்னால் அது கதையின் அதிகாரபூர்வ விளக்கமாகவே ஆனது.

யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயர கண்டம் ஒன்று அசைந்துகொண்டிருந்தது. எடை 25 டன். முழங்காலை மடக்கியது, கையை நீட்டியது, அடியெடுத்து வைப்பதுபோல் காலைத் தூக்கியது. ஆனால் அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு பெரிய தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. உடலின் பாரம் காலில் இறங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். கலிலியோ வரைந்த எலும்புதான் அங்கே பின்னால் நின்றது.

எண்பதுகளின் கடைசியில் டிராகன் பால் கதையில் தோரியாமா அகிரா ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தால் எதிரியின் போர்த்திறன் எண்ணாகத் தெரியும். வயலில் துப்பாக்கியோடு நிற்கும் விவசாயிக்கு 5; ஃபிரீஸாவுக்கு முதல் உருவிலேயே 5,30,000. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த எண்களை வைத்து யார் பெரியவர் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கருவி பிடிக்கவில்லை. அலகில்லாத எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது. 5 என்பது 5 ஜூலா, 5 கிலோவாட்டா? விடையில்லை. ஆனால் அதே கதையில் கணக்குக்கு ஏற்ற இடங்கள் ஏராளம். நாயகன் கோக்கு பயிற்சிக்குப் போகும் கையோ சாமியின் குட்டிக் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஈர்ப்பு பூமியைப் போலப் பத்து மடங்கு. கோளோ ஒரு வீடும் ஒரு மரமும் வளைந்த சாலையும் கொள்ளும் அளவுதான். விட்டம் 100 மீட்டர் என்று வைத்தால், அத்தனை ஈர்ப்புக்கு அதன் நிறை 3,670 லட்சம் கோடி கிலோ இருக்க வேண்டும். அவசரப்படாமல் பூஜ்யங்களை எண்ணுங்கள், 3.67-க்குப் பின்னால் பத்தின் பதினைந்தாம் படி, அதாவது 3.67 லட்சம் கோடி டன். அதன் மண் ஒரு தேக்கரண்டி 35 டன். வெண்குறு விண்மீன்களின் பொருள்தான் அவ்வளவு அடர்த்தி. அதைவிட ருசியான விடை ஒன்று இருக்கிறது: அந்தக் கோளிலிருந்து விடுபடு வேகம் நொடிக்கு 99 மீட்டர், மணிக்கு 356 கி.மீ. கொஞ்சம் ஓங்கிக் குதித்தால் கோக்கு திரும்பி வரவே மாட்டான். காற்றும் அங்கே தங்காது.

அதே கதையில் ஆமைக் கிழவர் சந்திரனை உடைப்பார். பின்னொரு நாள் பிக்கோலோவும் உடைப்பான். சந்திரனின் துண்டுகள் மறுபடி ஒன்றுகூடாதபடி சிதறடிக்கக் குறைந்தபட்சம் 1.2-க்குப் பின் பத்தின் 29-ஆம் படி ஜூல் வேண்டும். மனிதன் வெடிக்க வைத்ததிலேயே பெரிய அணுகுண்டான சோவியத்தின் 50 மெகாடன் குண்டுகளில் சுமார் 60 ஆயிரம் கோடி. சூரியன் முழுவதும் ஐந்தரை நிமிடம் எரிந்தால் வரும் ஆற்றல். பூமிக்கு இதையே செய்யச் சூரியனுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

இப்படிப்பட்ட கணக்குகளை ஒரு புத்தகமாகக் கட்டி, பாமர வாசகர் கையில் கொடுத்தவர் யானகிதா ரிகாவோ. 1961-இல் தனேகாஷிமா தீவில் பிறந்தவர். ஜப்பானின் ராக்கெட் ஏவுதளம் 1969-இல் அந்தத் தீவில்தான் அமைந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிப்பை முடிக்காமல் விட்டு, டியூஷன் வகுப்புகளில் அறிவியல் நடத்தினார். 1996-இல் அவருடைய 'கூசோ ககாகு டோகுஹோன்' வெளிவந்து பெரிய விற்பனை கண்டது. அல்ட்ராமேனின் எடை, மாக் 5 வேகத்தில் பறந்தால் அதிர்வலை என்ன செய்யும், இயந்திர மனிதனுக்குள் உட்கார்ந்தவன் கதி என்ன என்று சிறு வயதில் பார்த்த ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடச் சூத்திரங்களாலேயே அளந்தார். பல்கலைக்கழகக் கணிதம் தேவைப்படவில்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை. தொடர்ந்து பல பாகங்கள் வந்தன.

எதிர்ப்பும் வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் யாமாமோட்டோ ஹிரோஷி 2002-இல் அந்தப் புத்தகத்தை மறுத்து ஒரு தனிப் புத்தகமே எழுதினார். கணக்குகளில் பிழை இருக்கிறது, அதைவிட முக்கியமாக, கதைகளில் உண்மையில் என்ன வருகிறது என்பதைச் சரியாகப் பார்க்காமலே கணக்குப் போட்டிருக்கிறார் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு சோதனையில் கருவி காட்டிய அளவைத் தப்பாகக் குறித்துக்கொண்டால் பின்னால் போடும் பெருக்கல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. இங்கே கதைதான் கருவி. ஆனால் ஒரு விளையாட்டுக் கணக்கைச் சரிபார்த்து இன்னொருவர் புத்தகமே எழுதுகிறார் என்றால், அந்த விளையாட்டு அறிவியலின் ஒழுங்குக்குள் வந்துவிட்டது என்றுதான் பொருள். எழுதினால் யாரேனும் சரிபார்ப்பார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில்தான் கணக்கு வளரும்.

ஏறத்தாழ அதே சமயத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ககாலியோஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் காமிக்ஸ் நாயகர்களை வைத்து முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தார். 2005-இல் புத்தகமும் போட்டார். அவர் வழி எனக்குப் பிடித்த வழி. ஒரு நாயகனுக்கு ஓர் அற்புதத்தைச் சலுகையாகக் கொடுத்துவிடு, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் விதிப்படி நடக்க வேண்டும் என்பார்.

இன்றைய ரசிகர்கள் செய்வது இதற்கும் ஒரு படி மேலே. திரையில் ஓடும் காட்சியை நிறுத்தி, தெரிந்த உயரமுள்ள ஓர் ஆளை அளவுகோலாக வைத்து, பாறையின் அகலத்தையும் வெடிப்பின் ஆரத்தையும் அளக்கிறார்கள். பாறையைத் துண்டுகளாக உடைக்க ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 ஜூல், தூளாக்க 214 ஜூல் என்று அவர்களுக்குள் புழங்கும் எண்கள் உண்டு. ஒரு மீட்டர் கனப் பாறையைத் துண்டாக்கினால் 2 கிலோ டிஎன்டி. தூளாக்கினால் 50 கிலோ. ஓவியர் கல் சில்லுகளை வரைந்தாரா, புழுதியை வரைந்தாரா என்பதிலேயே நாயகனின் பலம் 27 மடங்கு மாறிவிடுகிறது.

படத்தை வைத்து ஆற்றலை அளக்கும் இந்த முறைக்கு மிகக் கௌரவமான முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1945 ஜூலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் ஆற்றல் ரகசியமாக இருந்தது. ஆனால் நேரமும் அளவுகோலும் குறித்த புகைப்படங்கள் சில வருடங்களில் வெளியாகிவிட்டன. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் அந்தப் படங்களை அளந்தே குண்டின் ஆற்றலைக் கணக்கிட்டு 1950-இல் வெளியிட்டார். சூத்திரம் எளியது: தீக்கோளத்தின் ஆரத்தை ஐந்து முறை பெருக்கி, காற்றின் அடர்த்தியால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். நொடியின் நாற்பதில் ஒரு பங்கில் ஆரம் 140 மீட்டர் என்று போட்டால் 25 கிலோடன் வருகிறது. குண்டின் ஆற்றலும் அதை ஒட்டியதுதான்.

இதை அனிமேக்குப் போடும்போது என்ன ஆகும் என்பதுதான் எனக்குச் சுவையான இடம். ஆரத்தில் 10 சதவீதம் தவறினால் ஐந்தாம் படியில் விடை 60 சதவீதம் தவறும். நேரமோ இன்னும் மோசம். 1963-இல் ஆட்டம் தொலைக்காட்சித் தொடரானபோது வாரம் ஒரு பகுதி தர வேண்டிய நெருக்கடியில் தெசுகாவின் நிறுவனம் ஓர் ஓவியத்தை மூன்று பிரேம் அப்படியே நிறுத்தி எடுத்தது. நொடிக்கு 24 பிரேம், ஆனால் 8 ஓவியம். பிற்பாடு தொலைக்காட்சி அனிமே முழுவதும் அந்தச் சிக்கன முறையே பரவியது. சண்டைக் காட்சிகளில் ஓவியங்களைக் கூட்டுவார்கள் என்றாலும், பல இடங்களில் நாம் பார்க்கும் கடிகாரம் நொடியின் எட்டில் ஒரு பங்கைவிட நுணுக்கமாகத் துடிக்காது. ஒரு வெடிப்புக்கு ஓர் ஓவியமா, இரண்டா என்ற ஐயமே ஆற்றலை நான்கு மடங்கு மாற்றிவிடும். பட்ஜெட்டுக்காக 1963-இல் எடுத்த ஒரு முடிவு இன்றைய ரசிகனின் கணக்கில் பிழை எல்லையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வேகக் கணக்குகளை நான் அதிகம் நம்புவதில்லை. எடைக் கணக்குகளை நம்புவேன்.

பிளஸ் ஒன் வகுப்பில் ஒருநாள் இதைச் செய்து பார்த்தோம். அனிமே இப்போது தமிழ் டப்பிங்கிலும் வருகிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு எல்லாக் கதையும் தெரியும். "சார், சைத்தாமா நிலாவிலேர்ந்து ஒரே தாவுல பூமிக்கு வந்துட்டான், கோக்குவால முடியுமா?" என்று ஒருவன் ஆரம்பித்தான். சைத்தாமா வேறொரு அனிமேயின் நாயகன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'வைத்துக்கொண்டவை', வலப்பக்கம் 'கண்டவை' என்று எழுதச் சொன்னேன். இடப்பக்கம்: நிறை 70 கிலோ, தூரம் 3,84,400 கி.மீ., நேரம் 10 நொடி. வலப்பக்கம்: வேகம் நொடிக்கு 38,440 கி.மீ., ஒளியின் வேகத்தில் 13 சதவீதம். இயக்க ஆற்றல் 12 மெகாடன். உடனே இன்னொருவன் 10 நொடி எப்படித் தெரியும், 5 நொடியாக இருந்தால் என்றான். ஆற்றல் நான்கு மடங்கு. பலகையின் இடப்பக்கம்தான் முக்கியம் என்பதை நான் சொல்லாமலே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்ப நிலா பின்னாடி போகாதா சார்?" என்றாள். நியூட்டனின் மூன்றாம் விதி! உந்தத்தைச் சமப்படுத்திப் போட்டோம். அந்த உதையால் நிலா ஓராண்டில் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணி அடித்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

சைத்தாமாவா கோக்குவா என்பதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. யார் ஜெயிப்பார் என்ற கேள்வியை நான் எப்போதும் ஒதுக்கியே வைப்பேன். அதைத் தீர்மானிப்பது கதாசிரியர். எவ்வளவு ஆற்றல், எந்த எண்ணை நம்பி அந்த விடை வந்தது, அந்த எண் தவறினால் விடை எவ்வளவு ஆடும் என்ற கேள்விகள் மட்டும்தான் நம்முடையவை. நம் தேர்வுத்தாள்களோ தேவையான எல்லா எண்ணையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுகின்றன. எந்த எண் வேண்டும் என்று தானே முடிவு செய்யும் பழக்கம் மாணவனுக்கு வருவதே இல்லை.

யானகிதா 2007 முதல் ஜப்பான் முழுவதும் உள்ள பள்ளி நூலகங்களுக்கு வாரம் ஒரு தாள் இலவசமாக அனுப்பத் தொடங்கினார். மாணவர்கள் கேட்ட கேள்வி, அதற்கு ஒரு கணக்கு. பெரும்பாலும் ஃபேக்ஸில் போகும், நூலகர் சுவரில் ஒட்டுவார். நம் ஊர் இயற்பியல் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது அதுதான். மாதம் ஒரு தாள் போதும். உங்கள் பள்ளி நூலகச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகள் பார்க்கும் கதையிலிருந்தே கேள்வியை எடுங்கள், இடப்பக்கம் வைத்துக்கொண்டவற்றை மறைக்காமல் எழுதுங்கள், அடியில் பிழை கண்டவர் பேர் எழுத இடம் விடுங்கள்.